அட்வான்ஸைத் திருப்பிக் கட்டச் சொல்லாதீர்கள்

தமிழ்நாடு அரசின் தலைமைச் செயலாளருக்கும், உள்துறை, வருவாய், தொழிலாளர் நலன், ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத் துறைகளின் செயலாளர்களுக்கும், சட்டப்பேரவை உறுப்பினர்கள் அனைவருக்கும்,

"விசாரணையில் இது கொத்தடிமை முறை அல்ல என்பதும், சூளை உரிமையாளருக்கும் தொழிலாளர்களுக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல் தகராறு என்பதும் தெரியவருகிறது."

இந்த ஆண்டு செங்கல் சூளை சீசனில், வட மாவட்டம் ஒன்றின் வருவாய்க் கோட்ட அலுவலகத்தில் எழுதப்பட்ட வாக்கியம் இது. எழுத ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. ஏழு இருளர் குடும்பங்களுக்குச் சட்டப்படி கிடைக்க வேண்டிய அத்தனையும் அதோடு போய்விட்டது. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிறவள் நான். கொத்தடிமை முறைக்கும் அதற்காக ஆள் கடத்துவதற்கும் எதிரான சட்டங்களைக் கடுமையாக்கக் கேட்டு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் பக்கத்தில் பொங்கல் முடிந்ததும் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். எங்கே என்று கேட்டால், "கல் அறுக்கப் போயிருக்காங்க" என்று பாட்டிகள் சொல்வார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலை கிடையாது. சவுக்குத் தோப்பு வேலையும் நின்றுவிடும். அந்த நேரம் பார்த்துத்தான் சூளைக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரி பைக்கில் வருவார். காய்ச்சலுக்கு, கருமாதிக்கு, கூரை போட என்று இருபதாயிரம், நாற்பதாயிரம் அட்வான்ஸாகக் கைமாறும். தை பிறந்ததும் ஒரு வேன் வரும். புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகள், சட்டி பானை எல்லாம் அதில் ஏறும். எந்த ஊர்ச் சூளை என்பது பல பேருக்கு இறங்கிய பிறகுதான் தெரியும்.

சூளையில் வேலை நள்ளிரவு ஒரு மணி, இரண்டு மணிக்குத் தொடங்குகிறது. ஆண் மண்ணை மிதித்துக் குழைப்பார், பெண் அச்சில் அடிப்பார், காய வைத்த பச்சைக் கல்லைத் திருப்பி வைப்பது பிள்ளைகளின் வேலை. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி பேசப்படும். ஆனால் அந்தக் கூலி யார் கையிலும் வருவதில்லை. சனிக்கிழமை அரிசி, பருப்புக்கென்று கொஞ்சம் கொடுப்பார்கள். மீதியைக் கணக்கில் கழித்துக்கொள்வதாகச் சொல்வார்கள்.

அந்தக் கணக்கு நோட்டு ஒன்றை நான் பார்த்தேன். பள்ளிக்கூடத்துக் கோடு போட்ட நோட்டு. இடது பக்கம் அட்வான்ஸ் தொகை. அதன் கீழே வாரச் செலவு, ஊசி, மாத்திரை, பஸ் செலவு என்று வரிசையாக ஏறியிருந்தது. ஒரு இடத்தில் "மழை, கல் கரைஞ்சது" என்று எழுதி, எதிரே ஒரு தொகை. கோடை மழையில் கரைந்துபோன பச்சைக் கல்லின் நஷ்டமும் அந்தக் குடும்பத்தின் கடனில் சேர்ந்திருந்தது. அறுத்த கல் எத்தனை, ஆயிரத்துக்குக் கூலி எவ்வளவு என்று எழுதும் இடமே அந்த நோட்டில் இல்லை. விசாரணைக்கு வந்த அலுவலரிடம் அதைக் காட்டினோம். புரட்டிப் பார்த்துவிட்டுச் சூளைக்காரரிடமே திருப்பிக் கொடுத்தார்.

விசாரணை நடந்த இடம் சூளைக்காரரின் ஷெட். மேசைக்கு ஒரு பக்கம் அலுவலர், பக்கத்து நாற்காலியில் உரிமையாளர், வாசலில் மேஸ்திரி. தொழிலாளர்கள் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள். "உங்களை யாராவது கட்டி வெச்சாங்களா? ரூம்ல போட்டுப் பூட்டினாங்களா? அடிச்சாங்களா?" எல்லோரும் இல்லை என்று தலையாட்டினார்கள். ஒரு பெண் மட்டும் வாய் திறந்தார். "யாரும் கட்டிப்போடல சார். ஆனா எங்க போறது? கணக்கு முடியலன்னு சொல்றாங்களே. எங்க மாமியா செத்ததுக்கு அவரு மட்டும் போனாரு. என்னையும் புள்ளையையும் இங்கயே விட்டுட்டுத்தான் போகணும்னு சொல்லிட்டாங்க." இதைவிடத் தெளிவாக யாரும் வாக்குமூலம் கொடுக்க முடியாது. அறிக்கையில் இது ஒரு வரிகூட வரவில்லை.

1976-ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்தில் பூட்டும் சங்கிலியும் எங்கும் கேட்கப்படவில்லை. முன்பணம் வாங்கியதற்காக ஒருவர் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே உழைக்க வேண்டியிருந்தாலும், வேறு வேலைக்குப் போகும் உரிமையை இழந்தாலும், நினைத்த இடத்துக்குப் போய்வரும் உரிமையை இழந்தாலும் அது கொத்தடிமை முறைதான். இவற்றில் ஒன்று இருந்தாலே போதும். அந்தப் பெண்ணின் பேச்சிலேயே பின் இரண்டும் இருந்தன. கடன் கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பையும் 15-ஆம் பிரிவு கடன் கொடுத்தவர் தலையில்தான் வைக்கிறது. இங்கே நிரூபிக்கச் சொன்னது தரையில் உட்கார்ந்திருந்தவர்களிடம்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியாதது. "சரி, பிரச்சினை வேண்டாம், பேசி முடிச்சுக்கலாம்" என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதினார்கள். பாக்கி அட்வான்ஸை மூன்று தவணையில் திருப்பிக் கொடுத்துவிடுவதாக ஏழு குடும்பங்களும் கைநாட்டு வைத்தார்கள். அரசு அலுவலர் முன்னிலையில்.

அந்தச் சட்டத்தின் 6-ஆம் பிரிவுப்படி கொத்தடிமைக் கடன் அழிந்துபோனது. அப்படி அழிந்த கடனுக்குப் பணம் வாங்குவது 9-ஆம் பிரிவுப்படி மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அந்தக் குற்றத்துக்கான தவணைப் பட்டியல் அரசு அலுவலர் முன்னாலேயே எழுதப்பட்டது. ஆள் கடத்தலுக்கு எதிரான சட்டங்களைக் கடுமையாக்குவது பற்றி நாம் பேசத் தொடங்க வேண்டிய இடம் இந்தத் தாள்தான்.

அவர்களைச் சாயங்காலம் ஒரு வண்டியில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். கையில் விடுதலைச் சான்றிதழ் இல்லை. அந்தச் சான்றிதழ் இருந்தால்தான் கடன் ரத்தானது என்று மேஸ்திரியிடம் காட்ட முடியும். மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை கிடைக்கும். பிறகு ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் 2 லட்சம், கொடுமை மிகுந்த கடத்தலில் சிக்கியவர்களுக்கு 3 லட்சம் என்று மறுவாழ்வுத் தொகை இருக்கிறது. ஒன்றும் இல்லாமல் ஊர் திரும்பியவர்கள் கடன் மட்டும் அப்படியே இருக்க உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த வாரமே மேஸ்திரி பைக்கில் வந்தார். தவணைத் தாளின் ஜெராக்ஸ் அவர் சட்டைப் பையில் இருந்தது. இரண்டு குடும்பங்கள் அதே கடனை அடைக்க வேறொரு சூளைக்குப் போய்விட்டன. என் வகுப்பில் படித்த மூன்றாம் வகுப்புப் பெண் பிள்ளையும் கூடப் போயிருக்கிறாள்.

காவல் நிலையத்துக்கும் போனோம். மேஸ்திரி மீது ஆள் கடத்தல் வழக்குப் போடச் சொன்னோம். "ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) ரிப்போர்ட் கொத்தடிமை இல்லைன்னு வந்திருக்கு, நாங்க எப்படிப் போடறது?" என்றார்கள். கோட்ட அலுவலகத்தில் கேட்டால், "எஃப்.ஐ.ஆர். இல்லையே, அப்புறம் எப்படிக் கடத்தல்னு சொல்றீங்க?" என்கிறார்கள். இரண்டு அலுவலகமும் ஒன்றையொன்று கை காட்டிக்கொண்டிருக்க, மேஸ்திரி அடுத்த ஊரில் ஆள் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 370-ஆம் பிரிவும், 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆம் பிரிவும் ஆள் கடத்தல் என்றால் என்ன என்று சொல்கின்றன. சுரண்டும் நோக்கத்தோடு, மிரட்டியோ ஏமாற்றியோ ஆசை காட்டியோ ஒருவரை வேலைக்குச் சேர்ப்பது, ஏற்றிச் செல்வது, தங்க வைப்பது, பெற்றுக்கொள்வது எல்லாமே கடத்தல். பாதிக்கப்பட்டவர் சம்மதித்துத்தான் போனார் என்பது ஒரு வாதமே ஆகாது என்றும் சட்டம் சொல்கிறது. ஒருவருக்கு மேல் கடத்தினால் குறைந்தது பத்தாண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை. ஆனால் சூளைகளில் இந்தப் பிரிவு ஏறுவதே அபூர்வம். "அவங்களாத்தானே அட்வான்ஸ் வாங்கினாங்க" என்ற ஒற்றை வரியில் எல்லாம் முடிந்துவிடுகிறது.

சட்டத்திலும் ஓட்டை உண்டு. அந்தப் பிரிவின் விளக்கத்தில் பாலியல் சுரண்டல், அடிமைத்தனம், பிச்சையெடுக்க வைத்தல், உடலுறுப்பை அகற்றுதல் என்று பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார்கள். கட்டாய உழைப்பு, கொத்தடிமை உழைப்பு என்ற சொற்கள் அதில் இல்லை. "உடல்ரீதியான சுரண்டல்" என்பதற்குள் இது அடங்கும் என்று நாம் வாதாடலாம். எதிர்த் தரப்பு வழக்கறிஞர் அடங்காது என்று வாதாடுவார். 1976 சட்டத்துக்கு வந்தால் அதன் கீழ் எல்லாக் குற்றமும் பிணையில் விடத்தக்கது. கொத்தடிமையாக வேலை வாங்கினால் மூன்றாண்டு வரை சிறை, அபராதம் 2,000 ரூபாய் வரை. அரை நூற்றாண்டு கழித்தும் அதே 2,000 ரூபாய்.

மாநில அரசால் என்ன செய்ய முடியும், இது மத்தியச் சட்டமாயிற்றே என்று சொல்லாதீர்கள். குற்றவியல் சட்டமும் தொழிலாளர் நலனும் பொதுப்பட்டியலில் இருக்கின்றன. மாநிலம் திருத்தம் கொண்டுவந்து, குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற அரசியலமைப்பின் 254-ஆம் பிரிவு வழிவிடுகிறது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தைச் சில நாட்களில் நம் பேரவை திருத்தியது. மெரினாவில் நின்ற கூட்டத்தின் குரல் கோட்டைக்குக் கேட்டது. 2025 ஜனவரியில், பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்ட இதே பாரதிய நியாய சன்ஹிதாவுக்குத் தமிழ்நாட்டுத் திருத்த மசோதாவைப் பேரவை நிறைவேற்றியது. ஆகவே வழி தெரிந்த வழிதான். சூளையில் கல் அறுக்கிறவர்களால் மெரினாவுக்கு வர முடியாது. அவர்களுக்காகவும் அதே வேகம் வேண்டும் என்று கேட்கிறேன்.

இது ஏதோ ஒரு சூளையின் கதை என்று நினைக்க வேண்டாம். உச்ச நீதிமன்றம் அமர்த்திய ஆணையர்கள் 1995-லேயே தமிழ்நாட்டில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கொத்தடிமைகள் இருப்பதாக அறிக்கை கொடுத்தார்கள். 2012-ல், தமிழ்நாடு அரசே எதிர்மனுதாரராக இருந்த வழக்கில், மூன்றாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுக்க வேண்டும் என்று அந்த நீதிமன்றம் உத்தரவிட்டது. 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேர் மீட்கப்பட்டபோது, ஒரு முதியவர் அதிகாரியின் காலில் விழுந்து கும்பிட்ட படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா பக்கத்திலிருந்து திருவள்ளூர்ச் சூளைகளுக்குக் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். மொழி தெரியாத அவர்களிடம் "கட்டி வெச்சாங்களா" என்ற கேள்விகூடப் போய்ச் சேராது.

2025 மே மாதம் வந்த செய்தி இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை. ஆந்திராவைச் சேர்ந்த யானாதிப் பழங்குடிக் குடும்பம். வாங்கிய கடனுக்காக வாத்து மேய்ப்பவரிடம் மகனை விட்டுவிட்டுப் போக வேண்டியிருந்தது. அந்தப் பையனின் உடல் காஞ்சிபுரத்தில் பாலாற்றங்கரையில் புதைக்கப்பட்டிருந்தது. வாத்து மேய்க்கவும் ஆடு மேய்க்கவும் பிள்ளைகளை அடகு வைக்கும் பழக்கம் டெல்டா மாவட்டங்களிலும் உண்டு. கஜா புயலுக்குப் பிறகு அப்படிப் போன பிள்ளைகள் மீட்கப்பட்டது செய்திகளில் வந்தது. புயல், மழை, சாவு என்று எது வந்தாலும் அட்வான்ஸ் கொடுப்பவர்தான் முதலில் வீடு தேடி வருகிறார். அரசு கடைசியில் வருகிறது.

"மீட்டுக் கொண்டுவந்தாலும் திரும்பப் போய்விடுகிறார்கள், நாங்கள் என்ன செய்வது?" என்று அதிகாரிகள் கேட்பதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். கேள்வி நியாயமானது, அதனால் பதில் சொல்கிறேன். எங்கள் ஊரில் பாதி வீட்டுக்குப் பட்டா இல்லை. இனச் சான்றிதழ் இல்லாததால் பத்தாம் வகுப்போடு நின்ற பிள்ளைகள் இருக்கிறார்கள். பழங்குடியினர் சான்றிதழ் தருபவர் கோட்டாட்சியர். கொத்தடிமை விடுதலைச் சான்றிதழ் தரும் அதிகாரமும் கோட்ட அளவில் அவருக்குத்தான் இருக்கிறது. ஒரே மேசையிலிருந்து வர வேண்டிய இரண்டு தாளும் வராதபோது, மேஸ்திரி தரும் நாற்பதாயிரம் மட்டும் நேரத்துக்கு வருகிறது. திரும்பிப் போகாமல் என்ன செய்வார்கள்?

போகாமல் இருக்க வழி இருப்பதையும் இந்த மாநிலம் பார்த்திருக்கிறது. திருவள்ளூர் மாவட்டத்தில் மீட்கப்பட்ட இருளர் குடும்பங்கள், மாவட்ட நிர்வாகம் கைகொடுத்ததால், 'சிறகுகள்' என்ற பெயரில் தாங்களே சொந்தமாகச் செங்கல் சூளை நடத்தத் தொடங்கினார்கள். அதே மண், அதே அச்சு, அதே வேலை. அங்கே கணக்கு நோட்டு அவர்கள் கையில். சூளைத் தொழிலை மூட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. முன்பணம் கொடுக்காமல் வாரக் கூலி கொடுத்து நடத்தும் சூளைக்காரர்களும் இருக்கிறார்கள். சட்டத்தை மீறுகிறவர் மீது கை வைக்காமல் விடுவதால் முதலில் அடிபடுவது அப்படி நேர்மையாகத் தொழில் செய்கிறவர்கள்தான்.

பிப்ரவரி 9-ஆம் தேதி ஒவ்வோர் ஆண்டும் எல்லா ஆட்சியர் அலுவலகத்திலும் கொத்தடிமை முறை ஒழிப்பு உறுதிமொழி எடுக்கிறீர்கள். அந்த உறுதிமொழியை நம்பித்தான் கீழே உள்ளவற்றைக் கேட்கிறேன்.

கொத்தடிமைப் புகாரில் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்கும்படி எந்த அலுவலரும் சமரசம் பேசக் கூடாது, எழுதி வாங்கக் கூடாது என்று உடனே ஓர் அரசாணை வெளியிடுங்கள். மீறுகிறவர் மீது துறை நடவடிக்கை என்பதோடு நிற்காமல், குற்றத்துக்கு உடந்தை என்ற வழக்கும் வர வேண்டும். 1976 சட்டத்தின் 20-ஆம் பிரிவு உடந்தையாக இருப்பவரையும் தண்டிக்கிறது. இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை, ஒரு கையெழுத்துப் போதும்.

விசாரணை சூளையில் நடக்கக் கூடாது. தொழிலாளர்களை முதலில் அங்கிருந்து வெளியே கொண்டுவந்து, ஒவ்வொருவரையும் தனியாக, அவர் பேசும் மொழியில், பெண்களிடம் பெண் அலுவலர் இருந்து கேட்க வேண்டும். முன்பணம், கூலி, நடமாட்டம், வேறு வேலைக்குப் போகும் உரிமை என்று சட்டம் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுத்தில் இருக்க வேண்டும். கொத்தடிமை இல்லை என்று முடிவெடுத்தால் அதற்கான காரணத்தைத் தொழிலாளருக்கே எழுத்தில் கொடுக்க வேண்டும். ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்ய வழி வேண்டும். கொத்தடிமை என்று முடிவானால் 24 மணி நேரத்துக்குள் சான்றிதழும், உடனடி உதவித் தொகையும் கையில் வந்தாக வேண்டும்.

காவல்துறைக்கு ஒரு சுற்றறிக்கை வேண்டும். வருவாய்த் துறை அறிக்கைக்காகக் காத்திருக்காமல், புகார் வந்ததும் 1976 சட்டத்தோடு ஆள் கடத்தலுக்கான 143-ஆம் பிரிவையும் சேர்த்து வழக்குப் பதிய வேண்டும். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவும் சேர வேண்டும். கொத்தடிமையாக வேலை வாங்குவதும் அந்தச் சட்டத்தில் குற்றம். ஆள் கடத்தல் தடுப்புப் பிரிவு போலீசார் மீட்பின்போதே உடன் வரட்டும். கணக்கு நோட்டைக் கைப்பற்றுவது அவர்கள் முதல் வேலையாக இருக்கட்டும்.

மறுவாழ்வுத் தொகை முழுதாகக் கைக்கு வருவது வழக்கின் முடிவோடு கட்டப்பட்டிருக்கிறது. வழக்கு எத்தனை ஆண்டு ஓடும் என்பது உங்களுக்குத் தெரியும். சான்றிதழ் கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முழுத் தொகையையும் மாநில நிதியிலிருந்து கொடுத்துவிட்டு, மத்திய அரசிடம் பிறகு நீங்கள் பெற்றுக்கொள்ளுங்கள். காத்திருக்க அரசால் முடியும், அந்தக் குடும்பங்களால் முடியாது. தொகையோடு பட்டா, இனச் சான்றிதழ், குடும்ப அட்டை மூன்றையும் அதே கோட்ட அலுவலகம் சேர்த்தே முடித்துத் தரட்டும்.

பேரவை உறுப்பினர்களிடம் கேட்பது சட்டத் திருத்தம். கட்டாய உழைப்பையும் கொத்தடிமை உழைப்பையும் ஆள் கடத்தல் விளக்கத்தில் பெயர் சொல்லிச் சேர்த்து ஒரு தமிழ்நாட்டுத் திருத்தம் கொண்டுவாருங்கள். 1976 சட்டத்தின் குற்றங்களைப் பிணையில் விட முடியாதவையாக்குங்கள். 2,000 ரூபாய் அபராதத்தைக் குறைந்தது இரண்டு லட்சமாக்கி, அது பாதிக்கப்பட்டவருக்கே போய்ச் சேர வழி செய்யுங்கள். வேறு மாவட்டத்துக்கோ மாநிலத்துக்கோ ஆள் அனுப்பும் மேஸ்திரிகள் பதிவு செய்துகொள்வதைக் கட்டாயமாக்குங்கள். கொடுத்த முன்பணமும் பேசிய கூலியும் எழுத்தில் தொழிலாளர் கையில் இருக்க வேண்டும்.

உச்ச நீதிமன்றம் சொன்ன மூன்றாண்டுக் கணக்கெடுப்பைச் சூளை சீசன் நடக்கும் மாதங்களில் நடத்துங்கள். சீசன் இல்லாத நாளில் போனால் காலி ஷெட்தான் இருக்கும். 1976 சட்டத்தின் கீழ் இயங்க வேண்டிய மாவட்ட, கோட்டக் கண்காணிப்புக் குழுக்கள் எப்போது கூடின, என்ன முடிவெடுத்தன என்பதை மாவட்ட இணையதளத்தில் போடுங்கள்.

கடைசியாக, என் ஊர்க் குடும்பங்கள். அந்த ஏழு குடும்பங்களின் விசாரணையை வேறொரு கோட்டத்து அதிகாரியைக் கொண்டு புதிதாக நடத்துங்கள். அவர்கள் கைநாட்டு வைத்த தவணைத் தாள் செல்லாது என்று எழுத்தில் அறிவியுங்கள். வேறு சூளைக்குப் போன இரண்டு குடும்பங்களையும், அவர்களோடு போன பிள்ளைகளையும் தேடிக் கொண்டுவாருங்கள். விவரங்கள் முழுவதும் என்னிடம் இருக்கின்றன; தலைமைச் செயலாளர் அலுவலகத்துக்குத் தனியே பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். மழைக்காலம் பிறந்தால் அட்வான்ஸ் மறுபடி வீடு தேடி வரும். அதற்குள் இது நடக்க வேண்டும்.

இப்படிக்கு,
இருளர் குடியிருப்பு ஒன்றில் மாலை வகுப்பு நடத்தும் ஆசிரியை